தேறிட்டாரா என்று கேட்டவர்களுக்கு

என் தம்பி எங்கள் அலுவலகத்தின் முன்பக்கக் கண்ணாடியை உடைத்துக்கொண்டு காரோடு உள்ளே வந்தபோது நான் என் மேசையில் உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தேன். கார் என் மேசைக்கு ஒரு முழம் தள்ளி நின்றது. நான் எழுந்திருக்கவில்லை. எழுந்தால் அது விபத்து ஆகிவிடும். எழாமல் தேநீரைக் குடித்து முடித்தால், தம்பி காரைக் கொஞ்சம் அதிகமாக உள்ளே கொண்டுவந்துவிட்டான், அவ்வளவுதான் என்று சொல்ல இடம் இருக்கும்.

அந்த இடம் அதிக நேரம் இருக்கவில்லை. தெரு முழுக்க வாசலில் கூடிவிட்டது. வாசல் என்று சொல்வது பழக்கத்தால்தான். அந்த நேரத்தில் வாசல் என்று தனியாக எதுவும் இல்லை.

எங்களுடையது டிரைவிங் ஸ்கூல். அப்பா தொடங்கியது. கீழே அலுவலகம், மாடியில் வீடு, பின்னால் மதில் சுவர் எழுப்பிய பயிற்சித் திடல். அப்பா காலத்தில் எங்கள் வண்டியில் ஒரு கீறல் விழுந்ததில்லை என்று இந்தப் பக்கத்தில் சொல்வார்கள். விழுந்ததுண்டு. விழுந்த அன்றே அப்பா வண்ணம் பூசிவிடுவார். பெயர் என்பது அப்படித்தான் காப்பாற்றப்படுகிறது. அப்பாவுக்குப் பிறகு அலுவலகம் என்னிடம் வந்தது, ஸ்டியரிங் தம்பியிடம் போனது.

போனது என்றுதான் எல்லோரும் நினைத்தோம். உண்மையில் தம்பியிடம் ஸ்டியரிங் இல்லை. கற்றுக்கொள்கிறவர் ஸ்டியரிங்கைப் பிடித்திருப்பார், தம்பி பக்கத்து இருக்கையில் உட்கார்ந்திருப்பான். ஆசிரியரின் காலடியில் இரண்டே மிதிகள்தான் உண்டு. இடது காலுக்கு கிளட்ச், வலது காலுக்கு பிரேக். ஆக்சிலேட்டர் கிடையாது. கற்றுக்கொள்கிறவரை இன்னும் வேகமாகப் போகவைக்க ஆசிரியருக்கு ஒரு வசதி செய்துகொடுக்க வேண்டும் என்று எந்த ஊரிலும் யாருக்கும் தோன்றியதில்லை. ஆகவே இருபது வருடத்துக்கு மேலாக என் தம்பியின் வலது காலுக்குத் தெரிந்த வேலை ஒன்றே ஒன்று: அமுக்கினால் வண்டி நிற்க வேண்டும்.

அன்று காலை ஒரு மாணவி வண்டியைக் கேட்டுக்குக் குறுக்கே விட்டுவிட்டுப் போயிருந்தாள். அதை நேராக நிறுத்தலாமே என்று தம்பி ஓட்டுநர் இருக்கையில் ஏறினான். அலுவலகத்தை நோக்கி மெதுவாக வந்தான். நிறுத்த வேண்டிய இடம் வந்தது. வலது கால் தன் வழக்கப்படி வலது ஓரத்தில் இருந்த மிதியை அமுக்கியது. அந்த இருக்கையில் வலது ஓரத்தில் இருப்பது ஆக்சிலேட்டர். வண்டி வேகமெடுத்தது. வண்டி நிற்கவில்லை என்றதும், நல்ல ஆசிரியர் எவரும் செய்வதுபோல, இன்னும் அழுத்தி மிதித்தான்.

இது கவனக்குறைவு அல்ல. அளவுக்கு மீறிய பயிற்சி. நான் இதை வந்தவர்கள் எல்லோரிடமும் விளக்கினேன். எல்லோரும் தலையாட்டினார்கள். பிறகு ஆறுதல் சொல்லத் தொடங்கினார்கள்.

முதலில் வந்தவர் அடுத்த தெருவில் இன்னொரு டிரைவிங் ஸ்கூல் வைத்திருப்பவர். அவர் பேசினால் எதிர்வீட்டு ஜன்னல் அதிரும். அதனால் எல்லோருக்கும் அவர் ஹாரன். கண்ணாடித் துண்டுகளைத் தாண்டித் தாண்டி உள்ளே வந்து, காருக்கும் மேசைக்கும் நடுவே இருந்த ஒரு முழத்தில் நின்றுகொண்டார்.

“அக்கா, நீங்க ஒண்ணும் மனசுல வச்சுக்காதீங்க. தம்பி மீண்டு வந்துடுவார்.”

“எங்கேருந்து?”

“அது… இதுலேருந்துதான்.”

“அவன் எங்கயும் போகலையே. மாடியில இருக்கான்.”

“அதில்லக்கா. மனசளவுல.”

“மனசும் மாடியிலதான் இருக்கு.”

அவர் போகும்போது எங்கள் மாணவர் சேர்க்கைப் பலகையை ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் போனார். அதையும் கவனித்தேன்.

அடுத்து மருந்துக்கடை அம்மா. “பழைய நிலைமைக்குத் திரும்பிடுவார் பாருங்க” என்றாள். புதிய நிலைமை எதுவும் வரவில்லை என்று சொல்லி அனுப்பினேன். தையல்கடைக்காரர் வந்து, “தலை நிமிர்ந்து நடப்பார், நான் சொல்றேன்” என்றார். தம்பிக்கு டாக்டர் கழுத்துப் பட்டை போட்டிருந்தார். இப்போது அவனால் தலையைக் குனிய முடியாது, அதனால் அந்தக் கவலையை விட்டுவிடலாம் என்றேன். அவர் என்னைச் சிறிது நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, ரவிக்கை அளவு மாறியிருக்கிறதா என்று கேட்டார்.

சித்தப்பா தொலைபேசியில் வந்தார். அவருக்குக் காது மந்தம். தனக்குக் கேட்காததால் நமக்கும் கேட்காது என்று நினைப்பவர்.

“பையன் தேறிட்டானாம்மா?”

“அவனுக்கு ஒண்ணும் இல்ல சித்தப்பா.”

“ஒண்ணும் தேறலையா? அடப்பாவமே! நான் சொல்லிடறேன் எல்லார்கிட்டயும்.”

சொல்லியும் விட்டார். மறுநாள் வெளியூர் உறவுகள் எல்லாம் அழைத்து அழுதார்கள். ஒரு அத்தை, விழுந்த பிள்ளை எழுந்து நடக்கிறதா என்று கேட்டாள். பிள்ளைக்கு நரை விழுந்து வருடங்கள் ஆகின்றன.

அந்த வாரம் முழுக்க நான் கேட்ட சொற்களை இரவும் பகலும் நினைத்துப் பார்த்தேன். மீண்டு வருதல், தேறி வருதல், சுதாரித்துக்கொள்ளுதல், தலையெடுத்தல், பழையபடி ஆகுதல், எழுந்து நிற்றல். நம் மொழியில் இதற்குப் பஞ்சமில்லை. ஆனால் எல்லாச் சொல்லுக்கும் ஒரே குணம். முதலில் ஆளைக் கீழே தள்ளிவிட்டுத்தான் கையைக் கொடுக்கின்றன. மீண்டான் என்று ஒருவரைச் சொல்ல வேண்டுமானால், அவர் எங்கோ மூழ்கிக் கிடந்தார் என்று முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். எங்கள் குடும்பத்தில் யாரும் மூழ்கியதாக யாரும் ஒப்புக்கொண்டதில்லை. அப்பா ஒரு முறை வயிற்றில் அறுவை சிகிச்சை செய்துகொண்டு வந்தார். வெளியே போயிருந்தார் என்றுதான் இன்றுவரை சொல்கிறோம்.

ஆகவே வீட்டில் ஒரு முடிவு செய்தேன். கேட்பவர்களிடம் தம்பி ஓய்வில் இருக்கிறான் என்று சொல்ல வேண்டும். ஓய்வு கண்ணியமான சொல். அதில் யாரும் யாரையும் கீழே தள்ளுவதில்லை.

இரண்டு நாள் கழித்துத் தம்பி மனைவி வந்து என் மேசைக்கு முன்னால் நின்றாள். அவள் குரலை உயர்த்துகிறவள் இல்லை. மெதுவாகப் பேசியே காரியத்தைக் கெடுக்கிறவள்.

“அண்ணி, ஓய்வுன்னா ரிட்டையர் ஆயிட்டார்னு நெனச்சுக்கறாங்க. பூங்கொத்தெல்லாம் வருது. நம்மகிட்ட கத்துக்கிட்டிருந்த ரெண்டு பேர் ஹாரன்கிட்ட போய்ச் சேர்ந்துட்டாங்க.”

“அப்ப விடுமுறைன்னு சொல்லு.”

“எங்க போயிருக்கார்னு கேப்பாங்களே?”

“வெளியூர்.”

“எந்த வெளியூர்?”

“வெளியூருக்கு எதுக்கு ஊர் பேரு? வெளியூர்னா வெளியூர்.”

அவள் அப்படியே சொன்னாள். அதில் ஒரு சின்னச் சிக்கல் வந்தது. வெளியூரில் இருப்பவன் தெருவைப் பார்த்த பால்கனியில் நிற்க முடியாது. காய்கறிக்காரர் வரும்போது இருமக் கூடாது. தம்பி பின் அறைக்கு மாற்றப்பட்டான். அவன் துணிகளை உள்ளேயே உலர்த்தினோம். அவனுக்கு வாங்கும் செய்தித்தாளை நிறுத்தினேன். பிறகு, நிறுத்தினால் சந்தேகம் வரும் என்று மறுபடி போடச் சொன்னேன். அவன் மூன்று வேளையும் சாப்பிட்டான், தூங்கினான், ஜன்னல் வழியாகத் திடலில் நின்ற காரைப் பார்த்தான். காரின் முன்பக்கத்தைச் சரிசெய்து அனுப்பிவிட்டார்கள். கார் ஒரே வாரத்தில் சரியாகிவிட்டது. காரை யாரும் மீண்டுவிட்டதா என்று கேட்கவில்லை.

சங்கதி இத்தோடு நின்றிருந்தால் நான் சமாளித்திருப்பேன். போக்குவரத்து அலுவலகம் நிற்க விடவில்லை. கட்டிடத்துக்குள் காரைக் கொண்டுபோனதால் தம்பியின் உரிமத்தை ரத்து செய்துவிட்டார்கள். மாத முடிவுக்குள் அவன் புதிதாக வந்தவர்களைப் போலத் திடலில் ஓட்டிக் காட்டித் தேர்வில் ஜெயிக்க வேண்டும். இல்லையென்றால் கற்றுத்தரும் அனுமதி போய்விடும். அவனுக்கு அனுமதி இல்லையென்றால் ஸ்கூலுக்கும் இல்லை. அப்பாவின் பெயர் எழுதிய பலகையைக் கழற்ற வேண்டியதுதான். இதை எந்த வண்ணம் பூசியும் மறைக்க முடியாது.

நான் மாடிக்குப் போய் அவனிடம் சொன்னேன். சரி என்றான். மறுநாள் காலை திடலுக்கு இறங்கிப் போனான். நான் பின்கதவில் நின்று பார்த்தேன். காரின் கதவைத் திறந்தான், ஏறினான், உட்கார்ந்தான். பக்கத்து இருக்கையில். கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தான். இறங்கி மாடிக்குப் போய்விட்டான். அடுத்த நாளும் அப்படியே. அதற்கு அடுத்த நாள் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து பெல்ட்டும் போட்டுக்கொண்டான். அதை முன்னேற்றம் என்று தம்பி மனைவி சொன்னாள்.

நான்காம் நாள் போய்க் கார் ஜன்னலைத் தட்டினேன்.

“இங்க உக்காந்து யாருக்குச் சொல்லிக்கொடுக்கறே?”

“யாருக்கும் இல்லக்கா.”

“அந்தப் பக்கம் போய் உக்காரு.”

“முடியாதுக்கா. இந்தக் காலு என்ன பண்ணும்னு எனக்குத் தெரியாது. என்னைக் கேட்டுப் பண்றதில்ல அது.”

“உன் கால்தானே? கண்டிச்சு வை.”

“காலைப் போய் எப்படிக்கா கண்டிக்கறது?”

“இங்க பாரு. அப்படி ஒண்ணும் நடந்துடல. கண்ணாடி ஒண்ணு போச்சு. புதுசு போட்டாச்சு. உனக்கு ஒண்ணும் ஆகல. நீ விழவும் இல்ல, எங்கயும் போகவும் இல்ல.”

அப்போது அவன் கழுத்துப் பட்டையோடு முழு உடம்பையும் திருப்பி என்னைப் பார்த்தான். சின்ன வயதிலிருந்து அவன் என்னை அப்படிப் பார்த்ததில்லை.

“அதுதான்க்கா பிரச்னை. நான் விழவே இல்லைன்னு தெருவுக்கெல்லாம் சொல்லிட்டே. எனக்கும் சொல்லிட்டே. விழாதவன் எதுலேருந்துக்கா எழுந்திருப்பான்? நான் பாட்டுக்கு வெளியூர்லயே இருக்கேன்.”

அவன் சொன்னதில் நியாயம் இருந்தது. நியாயம் இருக்கிறது என்று அவனிடம் சொல்லவில்லை. தம்பிகளிடம் அப்படிச் சொன்னால் அதையே பிடித்துக்கொள்வார்கள். ஆனால் அவன் கை பெல்ட்டை இறுகப் பற்றியிருந்ததை நான் பார்த்தேன். ஒரு ஆசிரியரின் கை. எத்தனையோ பேருடைய நடுங்கும் கையின் மேல் வைத்து, ஒன்றும் இல்லை என்று சொன்ன கை.

“எழுந்து அந்தப் பக்கம் போ. நான் இங்க உக்காரறேன்” என்றேன்.

“நீயா?”

“உனக்கு பிரேக் போட ஆள் வேணும். அவ்வளவுதானே?”

“உனக்கு ஓட்டத் தெரியாதேக்கா.”

இது உண்மை. எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டிய அவசியம் வரவில்லை. எங்கள் வண்டியில் நான் எப்போதும் பின் இருக்கையில்தான் உட்கார்ந்திருக்கிறேன், கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு. ஊரெல்லாம் இன்ஜினை நிறுத்தி நிறுத்திக் கற்றுக்கொள்வதைப் பார்த்தவளுக்கு, அதை நான்கு பேர் பார்க்கத் தானும் செய்ய வேண்டும் என்று தோன்றாது.

“ஓட்டறது நீ. நிறுத்தறது நான். நிறுத்த எனக்கு நல்லாத் தெரியும். வீட்டுல கேட்டுப் பாரு.”

அன்று காலையே தொடங்கினோம். மதிலுக்குள் எங்கள் சொந்த இடம். சட்டம் மதிலுக்கு வெளியேதான். அவன் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து சாவியைத் திருப்பினான். நான் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து புடவையைச் சரிசெய்து, வலது காலை பிரேக்கின் மேல் வைத்தேன். வண்டி நகர்ந்தது. நான் அமுக்கினேன். இருவரும் முன்னால் போய் வந்தோம்.

“ஏன்க்கா பிரேக் போட்ட?”

“சுவர் வருது.”

“சுவர் வராது. நாமதான் போறோம்.”

“அதைத்தான் நிறுத்தினேன்.”

“இன்னும் எவ்வளவு தூரம் இருக்கு பாரு! நடுவுல ஒரு லாரி திரும்பலாம்.”

“லாரி வர்றதுக்கு முன்னாடியே நிறுத்திட்டேன்.”

மறுபடி நகர்ந்தோம். மறுபடி நிறுத்தினேன். ஒரு காக்கை, ஒரு நிழல், பக்கத்து வீட்டுக் கொடியில் ஆடிய ஒரு சட்டை. எல்லாவற்றுக்கும் காரணம் இருந்தது. நாலைந்து நாள் இப்படிப் போனது. அந்த நாட்களில் தம்பி தன் காலைப் பற்றிப் பேசுவதை விட்டுவிட்டான். என் காலைப் பற்றி மட்டும்தான் பேசினான்.

“அக்கா, காலை எடு.”

“எடுத்தா?”

“எடுத்தா வண்டி போகும். போறதுக்குத்தான் வண்டி. காலைத் தரையில வை. நான் சொன்னா மட்டும் அமுக்கணும். என்ன சொன்னேன், திருப்பிச் சொல்லு.”

“காலைத் தரையில.”

“கண்ணு?”

“கண்ணு ரோட்டுல.”

“பின்ன ஏன் என் காலையே பாத்துக்கிட்டிருக்கே?”

அது எங்கள் ஸ்கூலில் அவன் பேசும் குரல். மாடியிலிருந்து எத்தனையோ வருடம் கேட்ட குரல். அவன் பின் அறைக்குப் போனதிலிருந்து அந்தக் குரலைக் கேட்கவில்லை. வீட்டில் யாரும் என்னிடம் அந்தக் குரலில் பேசுவதில்லை. நான் காலைத் தரையில் வைத்தேன்.

ஒருநாள் மதிலுக்கு மேலே ஹாரனின் தலை தெரிந்தது. பின் தெருவில் ஏணி வைத்து ஏதோ பலகை மாட்டிக்கொண்டிருந்தார். அவர் ஸ்கூலின் பலகை, எங்கள் மதிலைப் பார்த்து.

“அக்கா! தம்பி வெளியூர்லேருந்து எப்ப வந்தார்?”

“இப்பதான்.”

“வந்ததும் வராததுமா பிராக்டிஸா?”

“காரைக் காத்தாட விடறோம்.”

“தம்பி, சுதாரிச்சுட்டீங்களா? சுதாரிச்சுடுவீங்க!”

நான் பிரேக்கை அமுக்கினேன். வண்டி ஏற்கெனவே நின்றுகொண்டுதான் இருந்தது.

ஆனால் ஒரு விஷயம் எனக்குப் புரியாமல் இல்லை. வண்டியை நிறுத்தியதெல்லாம் நான்தான். சுவர் நெருங்கும்போது தம்பியின் வலது கால் மிதிகளுக்கு மேலே அந்தரத்தில் தயங்கும். அதற்குள் நான் அமுக்கிவிடுவேன். தேர்வில் அவன் பக்கத்தில் நான் இருக்க மாட்டேன். ஆய்வாளர்தான் இருப்பார். தேர்வுக்கு அந்த அலுவலகம் தருவது சாதாரண வண்டி, ஆய்வாளரின் காலடியில் எந்த மிதியும் கிடையாது. நான் இப்படியே அமுக்கிக்கொண்டிருந்தால், தம்பி நன்றாக ஓட்டப் பழகிவிடுவான். நிறுத்தப் பழக மாட்டான்.

தேர்வுக்கு இரண்டு நாள் இருக்கும்போது, திடலின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு அவனை ஓட்டச் சொன்னேன். வண்டி கிளம்பி வேகமெடுத்ததும் செருப்பைக் கழற்றிவிட்டு இரண்டு கால்களையும் தூக்கி இருக்கையின் மேல் மடித்துச் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டேன். இந்த வயதில் அது எளிதான காரியம் இல்லை. கீல் எல்லாம் சத்தம் போட்டன.

“அக்கா, காலு எங்க?”

“எங்கிட்டதான் இருக்கு.”

“கீழே வை! சுவர்!”

“சுவர் வராதுன்னு நீதானே சொன்னே?”

“அக்கா!”

“நிறுத்து.”

அவன் கால் அந்தரத்தில் நின்றதைப் பார்த்தேன். இடப் பக்கம் கொஞ்சம் நகர்ந்தது. அமுக்கினான். சம்மணம் போட்டவர்கள் எதையாவது பிடித்துக்கொள்ள வேண்டும் என்பதை நான் யோசித்திருக்கவில்லை. என் நெற்றி முன்கண்ணாடியில் பட்டது. வண்டி நின்றது. இறங்கிப் பார்த்தபோது சுவருக்கும் வண்டிக்கும் நடுவே ஒரு பூனை போகலாம். கொஞ்சம் மெலிந்த பூனையாக இருக்க வேண்டும்.

“நெத்தி வீங்கிடுச்சே அக்கா” என்றான் தம்பி.

“ஒண்ணும் ஆகல.”

“ஆகியிருக்குக்கா. புடைச்சிருக்கு. ஆகியிருக்குன்னு ஒரு தடவ சொல்லேன்.”

“வலிக்குது” என்றேன். எங்கள் குடும்பத்தில் அதிகம் புழங்காத சொல். அவன் ஓடிப்போய் ஐஸ் கொண்டுவந்தான். பிறகு நாங்கள் இன்னும் பலமுறை அந்தச் சுவரை நோக்கிப் போனோம். நான் ஒவ்வொரு முறையும் சம்மணம் போட்டுத்தான் இருந்தேன். இப்போது கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு.

தேர்வு நாள் காலையில் போக்குவரத்து அலுவலகத் திடலில் நல்ல கூட்டம். ஓரத்தில் தகரக் கூரை போட்ட பெஞ்சுகள். ஹாரன் தன் மாணவர்களை வரிசையாக உட்காரவைத்திருந்தார். அதில் எங்களிடமிருந்து போன இருவரும் இருந்தார்கள். என்னைப் பார்த்ததும் கைபேசியைக் குனிந்து பார்த்துக்கொண்டார்கள். நான் நேராக நடந்து முதல் பெஞ்சில் உட்கார்ந்தேன். நெற்றியில் வீக்கம் வற்றியிருந்தது. நிறம் மட்டும் வற்றவில்லை. அதைப் பற்றி யாரும் கேட்கவில்லை. கேட்கும்படி நான் பார்க்கவில்லை.

ஆய்வாளர் எங்களிடம் கற்றவர். தம்பியைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டார்.

“சார், நீங்க ஏறுங்க சார். நான் என்ன சார் உங்களை…”

“நீங்க மத்தவங்களை எப்படிப் பாப்பீங்களோ அப்படியே பாருங்க. விட்டுக்கொடுத்தீங்கன்னா எங்கக்கா பெஞ்சுல உக்காந்திருக்கா” என்றான் தம்பி.

ஆய்வாளர் பெஞ்சைப் பார்த்தார். பிறகு தொப்பியைச் சரிசெய்துகொண்டு முகத்தை இறுக்கிவைத்துக்கொண்டார்.

வண்டி கிளம்பியது. எட்டுப் போட்டான். பின்னால் எடுத்து இரண்டு கம்பங்களுக்கு நடுவே நிறுத்தினான். மேட்டில் ஏறும்போது இன்ஜின் ஒரு முறை அணைந்தது. வண்டி மூச்சு விடுகிறது என்று எங்கள் ஸ்கூலில் சொல்வோம். பெஞ்சில் யாரோ உச்சுக்கொட்டினார்கள். நான் திரும்பிப் பார்க்கவில்லை. வண்டி மூச்சு விட்டு முடித்து மேட்டில் ஏறிவிட்டது.

கடைசியில் வருவது திடீர் நிறுத்தம். வண்டி நேர்ப்பாதையில் வேகமாக வரும்போது ஆய்வாளர் சொல்லாமல் கொள்ளாமல் முன்பலகையில் கையால் தட்டுவார். தட்டியதும் நிறுத்த வேண்டும். அந்த நேர்ப்பாதை எங்கள் பெஞ்சை நோக்கித்தான் வருகிறது. கட்டியவர்கள் யோசித்துக் கட்டவில்லை.

வண்டி வந்தது. என் வலது கால் சிமெண்டுத் தரையை அமுக்கிக்கொண்டிருந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண்ணின் கையை நான் பிடித்திருந்ததாக அவள் பிறகு சொன்னாள். எனக்கு நினைவில்லை. ஆய்வாளரின் கை உயர்ந்தது தெரிந்தது. தட்டும் சத்தம் கேட்கவில்லை. டயர்கள் கத்தியதுதான் கேட்டது.

நின்றது. ஆய்வாளரின் தொப்பி கழன்று முன்கண்ணாடிக்கு அடியில் போய் விழுந்தது. அவர் அதை எடுக்காமல் தம்பியின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

தம்பி இறங்கினான். கதவைச் சாத்தினான். காரின் கூரைமேல் கையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே நின்றான். நான் போகவில்லை. அதற்குள் கூட்டம் சூழ்ந்துகொண்டது. எல்லோருக்கும் மேலே ஹாரனின் குரல்.

“பாத்தீங்களா! நான் சொன்னேன்ல? மீண்டு வந்துட்டார்! என்ன தம்பி?”

எங்கேருந்து என்று கேட்க நான் வாயைத் திறந்தேன். தம்பி முந்திக்கொண்டான்.

“ஆமாண்ணே. சொந்த ஆபீஸ் கண்ணாடியை உடைச்சுக்கிட்டு உள்ள போனேன். அக்காவோட டீயில கண்ணாடித் தூள் விழுந்துச்சு. அப்புறம் நாள்கணக்கா பின் ரூம்ல ஒளிஞ்சிருந்தேன். வெளியூரெல்லாம் போகல. இப்பதான் வெளியவே வர்றேன்.”

எல்லோரும் சிரித்தார்கள். ஹாரனும் சிரித்தார். ஆனால் கொஞ்சம் தாமதமாக. அந்தச் சிரிப்பு கேலிச் சிரிப்பா என்று ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். அப்படி இல்லை. பயந்துகொண்டு உட்கார்ந்திருந்தவர்களின் சிரிப்பு அது. இன்னும் தேர்வுக்குப் போகாதவர்கள்தான் அதிகம் சிரித்தார்கள்.

“எந்தக் கால் சார் தப்பு பண்ணுச்சு?” என்று ஒரு பெண் கேட்டாள்.

“இதுதான்” என்று வலது காலைத் தூக்கிக் காட்டினான். பிறகு கூட்டத்துக்கு நடுவில் குந்தி உட்கார்ந்து, திடலில் கோடு போடக் கிடந்த சுண்ணாம்புக் கட்டியால் தரையில் வரைய ஆரம்பித்தான். இந்த இருக்கையில் இரண்டு மிதி, அந்த இருக்கையில் மூன்று மிதி, கால் எப்படி ஏமாறுகிறது, பயந்தால் ஏன் இன்னும் அழுத்தி மிதிக்கிறோம். ஹாரனின் மாணவர்கள் ஒருவர் பாக்கியில்லாமல் பெஞ்சை விட்டு எழுந்து வந்து குனிந்து பார்த்தார்கள். எங்களிடமிருந்து போன இருவரும் முன்வரிசையில் இருந்தார்கள். அப்பா உயிரோடு இருந்து எங்கள் வீட்டு விஷயம் இப்படிப் பொதுத் திடலில் சுண்ணாம்பால் வரையப்படுவதைப் பார்த்திருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று எனக்குத் தெரியும். நான் அதைச் சொல்லவில்லை.

கைப்பையில் கைபேசி அடித்தது. தம்பி மனைவி.

“என்ன ஆச்சு அண்ணி? நிறுத்திட்டாரா?”

“நிறுத்திட்டான்.”

அவள் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

“சித்தப்பா லைன்ல இருக்கார் அண்ணி. மருந்துக்கடைக்காரம்மா வேற வாசல்ல நிக்கறாங்க. என்னன்னு சொல்லட்டும்? தேறிட்டார்னு சொல்லலாமா? மீண்டுட்டார்னா? எதைச் சொன்னா உங்களுக்குப் பரவாயில்ல?”

நான் தம்பியைப் பார்த்தேன். அவன் முட்டியெல்லாம் சுண்ணாம்பு. யாரோ அவன் கழுத்தைக் காட்டி ஏதோ கேட்டார்கள். அதற்கும் ஒரு கதையைத் தொடங்கிக்கொண்டிருந்தான்.

“அவனைக் கேக்கச் சொல்லு. அவனே சொல்லிக்கிட்டிருக்கான். கொஞ்சம் வரிசையில நிக்கணும், அவ்வளவுதான்” என்றேன்.